பெரிய மரம் பார்க்க ஓர் ஒத்திகை

சென்ற மாதம் கிளினிக் வரிசையில் குந்திக்கொண்டிருந்தபோது பிலோமினா அக்கா என் காதுக்குள் கேட்டார்.

"மலர், காட்டுக்குப் போவமா புள்ள?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிரஷர் பார்க்கக் கையை நீட்டப்போகிற நேரத்தில் கேட்கிற கேள்வியா இது? இன்றைக்கு எனக்குப் பிரஷர் கூடியிருந்தால் அதற்கு இந்த அம்மாதான் பொறுப்பு என்று நர்ஸிடம் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

இந்தப் பக்கத்தைத் தவறாமல் வாசிக்கிறவர்களுக்கு எங்கள் கிளினிக் கோஷ்டியைத் தெரிந்திருக்கும். புதிதாக வந்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நாங்கள் மூன்று பேர். எனக்குப் பிரஷரும் முழங்கால் வலியும். ஏறாவூர் சரீனா டீச்சருக்குச் சீனி வருத்தம். என் ஒழுங்கையிலேயே குடியிருக்கும் பிலோமினா அக்காவுக்கு எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். மாதா மாதம் மட்டக்களப்பில் மருந்துக்காகக் காத்திருந்து காத்திருந்தே சிநேகிதிகள் ஆனவர்கள். எங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப்கூட உண்டு. அதில் காலை வணக்கம், ரோசாப்பூப் படம், எந்தக் குளிசையைச் சாப்பாட்டுக்கு முன் போடுவது என்ற நித்திய சந்தேகம்... இவ்வளவும்தான் ஓடும். காடு, மலை எல்லாம் எங்கள் பாடத்திட்டத்திலேயே இல்லை.

"காட்டுக்கா? என்னத்துக்கு?" என்றேன்.

அக்கா போனை நீட்டினார். கனடாவில் இருக்கும் மகள் ஜெனிற்றா ஒரு படம் அனுப்பியிருந்தாள். படத்தில் ஒரு மரம். அதை மரம் என்று சொல்வதா, மாடிக் கட்டடம் என்று சொல்வதா? அதன் அடியில் ஜெனிற்றாவின் கணவரும் இரண்டு பிள்ளைகளும் கையை விரித்து ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மரத்தின் ஒரு பக்கத்தைக்கூட அவர்களால் மறைக்க முடியவில்லை.

படத்துக்குக் கீழே ஒரு முழு நாளுக்கான திட்டம். காரை எங்கே நிறுத்துவது, எந்தப் பாதையால் நடப்பது, எந்த மரத்தடியில் சாப்பாடு, தொங்கு பாலத்தில் போட்டோ, அம்மா களைத்தால் திரும்பிவர எந்தக் குறுக்குப் பாதை — எல்லாம் எழுதியிருக்கிறாள். அம்மா இடையிடையே இருந்து களைப்பாறி நடப்பதற்காக ஒரு மடக்குக் கதிரையும் வாங்கிவிட்டாளாம். என் பிள்ளைகள் எனக்கு இப்படி ஒரு கதிரை வாங்கித் தந்தால் நான் அதைக் கொண்டுபோய் ரீவிக்கு முன்னால் போட்டுக்கொள்வேன். அது வேறு கதை.

கடைசி வரி இதுதான்.

"அம்மா, சின்னனில நீங்க என்னைக் கூட்டிப் போய்க் காட்டின மரத்தை விட இது பெரிசு. வந்து பாருங்க. ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் போடவா?"

"எவ்வளவு ஆசையாக் கூப்பிடுறாள்! விசாவும் கையில இரிக்கு. போறதுக்கு என்ன, அக்கா?"

"போகத்தான் ஆசை." அக்கா போனை மடியில் கவிழ்த்து வைத்தார். "ஆனா மரத்துக்குக் கீழ போய் நிக்க எனக்கு ஏலுமா எண்டு தெரியாவே."

அக்காவின் ஊர் கதிரவெளிப் பக்கம். பிரச்சினை நாட்களில் சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பி ஓடியபோது, அவரும் அப்போது சின்னப்பிள்ளையாக இருந்த மகளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடியவர். கணவர் அன்று கடலுக்குப் போயிருந்தார். வேறெங்கோ கரையேறி, பிறகுதான் இவர்களைக் கண்டுபிடித்தாராம். அக்கா இதை எங்களிடம் இரண்டு மூன்று வசனங்களில்தான் எப்போதோ சொல்லியிருந்தார். நாங்களும் தோண்டிக் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒவ்வொருவரிடமும் இப்படி இரண்டு மூன்று வசனக் கதை ஒன்று இருக்கிறது. நீளமாகச் சொல்லச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

அதற்குப் பிறகு அவர் காட்டுக்குள் காலே வைத்ததில்லை. கோயில் யாத்திரை பஸ் மரங்கள் அடர்ந்த இடத்தால் போனால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு செபமாலையைக் கையில் எடுத்துவிடுவார். நாங்கள் அதைப் பக்தி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"அங்க போய்ப் பேரப்பிள்ளையளுக்கு முன்னால எனக்கு மூச்சு முட்டினா? நான் குந்தி அழுதா? அவள் ஆசை ஆசையாப் போட்ட நாள் பழுதாப் போகும் மலர். அதுதான் இஞ்சயே ஒருக்கா போய்ப் பாப்பம். ரிஹேர்சல் மாதிரி. ஏலும் எண்டா டிக்கெட் போடச் சொல்லுவன். ஏலா எண்டா... வரல்ல எண்டு சொல்லிடுவன்."

"கனடாவுக்குப் போங்க, காட்டுக்கு மட்டும் போகாதீங்க. அவ்வளவுதானே?"

"ஏன் எண்டு அவள் கேப்பாள்."

கேட்டால் சொல்ல வேண்டியதுதானே என்று வாய்வரை வந்தது. அதற்குள் என் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். பிரஷர் கூடித்தான் இருந்தது.

குரூப்பில் செய்தி போட்டதும் சரீனா டீச்சர் துள்ளிக் குதித்துவிட்டார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் அவர். எதையாவது கணக்குப் போடக் கிடைத்தால் போதும், சீனி வருத்தமே மறந்துபோய்விடும். எவ்வளவு தூரம் நடப்பது, ஆளுக்கு எத்தனை போத்தல் தண்ணீர், மணிக்கு எத்தனை தரம் மலர் களைப்பாறுவாள்... கடைசிக் கணக்கை நான் ரசிக்கவில்லை.

இடத்தைச் சொன்னவர் டீச்சரின் கணவர் ஹனிபா நானா. பொலன்னறுவைப் பாதையில் நெடுங்காலம் பஸ் ஓட்டியவர். இப்போது சொந்தமாக ஒரு வான் வைத்திருக்கிறார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தானும் கொஞ்சம் பளபளப்பாகிவிட்டார்.

"ஓட்டமாவடிக்கு அங்கால, ஆத்தோரமா மருத மரம் நிக்கிது. ஒவ்வொண்டும் எங்கட ஊட்டை விடப் பெரிசு. நமக்குத் தெரிஞ்ச ஆளொருத்தருக்குப் பக்கத்துல வயல் இரிக்கி. வானை அங்க உட்டுட்டு நடக்கலாம்" என்று குரல் பதிவு அனுப்பினார். பின்னாலேயே இன்னொன்று. "சாப்பாட்டுக்கு என்ன பிளான்?"

அதோடு தொலைந்தது. ஹைக்கிங் எல்லாம் மறந்து எல்லோரும் சமையலில் இறங்கிவிட்டோம். புட்டா, சோறா? கோழியா, மீனா? சோற்றைப் பார்சல் கட்டுவதா, சட்டியோடு கொண்டுபோவதா? கோழியென்றால் யார் வீட்டில் சமைப்பது என்ற கேள்விக்கு இடமே இல்லை, அது சரீனா டீச்சர் வீடுதான். மீனை நான் பொறுப்பெடுத்தேன். இரண்டு நாட்கள் குரூப்பில் மரம் என்ற சொல்லே வரவில்லை.

நான் இணையத்தில் தேடினேன். ஒரு நாள் காட்டு நடைக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று வெள்ளைக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். திசைகாட்டி வேண்டுமாம். மடித்து வைக்கிற மழைச்சட்டை வேண்டுமாம். யாரிடம் சொல்லிவிட்டுப் போகிறீர்கள் என்பது முக்கியமாம். வாசிக்க வாசிக்க எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் வேறு மாதிரியும் இருந்தது. எங்கள் ஆட்களுக்குத் திட்டம் போட்டுக் காட்டுக்குப் போய் எங்கே பழக்கம்? திட்டம் இல்லாமல் போய்த்தான் பழக்கம்.

வெள்ளிக்கிழமை ஜும்மா, அதனால் சனிக்கிழமை என்று முடிவாயிற்று. மறுநாள் ஞாயிறு. அக்கா பதில் சொல்ல வேண்டிய நாள்.

விடியவே வான் வந்துவிட்டது. வாவியின் மேலே இன்னும் பனிப்புகார் கலையவில்லை. நான் என் பேரனின் பழைய ஸ்போர்ட்ஸ் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கம்பீரமாக ஏறினேன். பிலோமினா அக்கா சேலையும் செருப்புமாக, தோளில் ஒரு பெரிய பையோடு வந்தார். முகம் பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. ஏறாவூரில் சரீனா டீச்சர் ஏறினார் — டீச்சர் ஏற எடுத்த நேரத்தைவிட அவருடைய சாப்பாட்டுக் கூடைகள் ஏற எடுத்த நேரம் அதிகம்.

ஓட்டமாவடியில் பிளேன்டீ குடிக்க நிறுத்தினோம். கூடைக்கு இடம் செய்வதற்காக அக்காவின் பையைத் தூக்கிய ஹனிபா நானா, தூக்கிய வேகத்திலேயே கீழே வைத்துவிட்டார்.

"என்ன அக்கா, மரம் பாக்கவா போறம், மரம் வெட்டவா போறம்? உள்ள கோடாலி இரிக்கா?"

எல்லோரும் சிரித்தோம். டீச்சர் உரிமையோடு பையைத் திறந்தார். போர்வை. மாற்றுச் சேலை. மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி. சீனிப் பொட்டலம். பிஸ்கட். டோர்ச். அடியில், பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி ரப்பர் போட்ட ஒரு கட்டு. அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், கலியாணப் பதிவு. எல்லாவற்றுக்கும் அடியில் வீட்டுக் காணியின் உறுதிப் பத்திரம்.

"அக்கா... பின்னேரம் ஊட்டுக்குத் திரும்பி வாற பயணம் இது. காணி உறுதி என்னத்துக்கு?"

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் யோசிச்சு எடுக்கல்ல டீச்சர். இரவு பை அடுக்கக்குள்ள, காட்டுக்குப் போறம் எண்டு நினைச்சதும் கை தன்பாட்டில எடுத்து வெச்சிட்டு."

 தேநீர்க் கடைக்காரர் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

பிறகு சரீனா டீச்சர் மெதுவாகத் தன் கைப்பையின் சிப்பைத் திறந்தார். பொலித்தீன் கட்டு. அதே இரண்டு சுற்று. அதே ரப்பர்.

"நானும்தான்" என்றார். "ஊட்டை உட்டு வெளிக்கிட்டா இது இல்லாம எனக்கு ஒரு கை இல்லாத மாதிரி."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன செய்வது? கடல் ஊருக்குள் வந்துபோன காலத்திலிருந்து என் சான்றிதழ்களும் உறுதியும் என் கைப்பைக்குள்தான் குடியிருக்கின்றன. கலியாண வீட்டுக்குப் போனாலும் சரி, மீன் வாங்கப் போனாலும் சரி. எடுத்துக் காட்டினேன்.

"நான் லைசன்ஸ் மட்டும்தான்" என்று பெருமையாகச் சொன்னார் ஹனிபா நானா.

"உங்கடயும் என்னட்டத்தான் இரிக்கி" என்றார் டீச்சர்.

அதற்குப் பிறகு நாங்கள் சிரித்த சிரிப்பில் கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். அக்காதான் கூடுதலாகச் சிரித்தார், கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். உலகத்திலேயே காணி உறுதியோடு ஹைக்கிங் போன முதல் கோஷ்டி நாங்களாகத்தான் இருப்போம். திசைகாட்டிதான் ஒருவரிடமும் இருக்கவில்லை.

வயல்காரர் எங்களுக்காக வரம்பில் காத்திருந்தார். யானைகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கின்றன, பயமில்லை, ஆனாலும் வெயில் சாயமுன் திரும்பிவிட வேண்டும் என்றார். தானும் கூட வருவதாகச் சொன்னார். அறுவடை முடிந்த வயல்வட்டை, கண்ணுக்கெட்டிய மட்டும் அரிந்து மிஞ்சிய ஒட்டுத்தாள்தான். கூடைகளையும் அக்காவின் பையையும் ஆண்கள் தூக்கிக்கொள்ள, வரம்பால் வரிசையாக நடந்தோம். என் முழங்கால் முதல் வரம்பிலேயே முறைப்பாட்டைத் தொடங்கிவிட்டது.

வயல் முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. நிலத்தில் கோடு கிழித்த மாதிரி இந்தப் பக்கம் வெயில், அந்தப் பக்கம் நிழல்.

அக்கா வெயிலில் நின்றுவிட்டார்.

ஒரு அடி வைத்தால் நிழல். அந்த ஒரு அடிதான். செருப்பின் நுனி கோட்டுக்குக் கிட்டப் போகிறது, திரும்பி வருகிறது. நெற்றியில் வியர்வை. உதடு மட்டும் அசைகிறது. நான் பத்தி எழுதுகிறவள் இல்லையா — உடனே ஏதாவது நல்ல வார்த்தை சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். சரீனா டீச்சர் என் கையில் கிள்ளினார். வாயை மூடிக்கொண்டேன். சில நேரம் கிள்ளுகிற சிநேகிதி ஒருத்தி பக்கத்தில் இருப்பது நல்லது.

ஹனிபா நானாவோ எதையும் கவனிக்காதவர் போல, ஓரத்தில் நின்ற ஒரு மரத்தடிக்குப் போனார். அதன் கிளைக் கவட்டில் காய்ந்ததும் காயாததுமாக நிறைய இலைக் குழைகள் தொங்கிக்கொண்டிருந்தன. எங்கள் பக்கத்தில் காட்டுக்குள் போகிறவர்கள் பச்சைக் குழை ஒன்றை முறித்து வாசல் மரத்தில் போட்டுவிட்டுத்தான் போவார்கள். பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விடு என்று காட்டிடம் கேட்கிற முறை அது. பாதையோரத்தில் இப்படி ஒரு மரம் வந்தால் பஸ்காரர்கள்கூட நிறுத்திக் குழை போடுவார்கள் என்று நானா சொன்னார்.

வயல்காரர் ஒரு குழையை முறித்துப் போட்டார். நானும் போட்டேன்.

"அண்டைக்கு இதுக்கும் நேரம் இருக்கல்ல" என்றார் அக்கா.

யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. கையை நீட்டி ஒரு குழையை முறித்தார். அது கவட்டில் நிற்காமல் இரண்டு தரம் விழுந்தது. மூன்றாம் தரம் நின்றது. சிலுவை போட்டுக்கொண்டார். நான் மனதுக்குள் பிள்ளையாரைக் கூப்பிட, டீச்சர் பிஸ்மில்லா சொல்ல, மூன்று பக்கத்தாலும் விண்ணப்பம் போய்விட்டது. இனி யானை என்ன செய்யும்?

குழை போட்ட மரம் நிழலுக்குள் நின்றது. அதைக் கவட்டில் போடுகிற மும்முரத்தில் அக்கா கோட்டைத் தாண்டியிருந்தார். அவரே அதைப் பிறகுதான் கவனித்தார்.

மருத மரத்தை நீங்கள் குளக்கட்டுகளில் பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் சின்னப்பிள்ளைகள். ஆற்றோரத்தில் நிற்கிற கிழட்டு மருதுகளைப் பார்க்க வேண்டும்! வெளிறிய பட்டை, யானைக்கால் மாதிரி உருண்டு திரண்ட வேர்கள், அந்த வேர்களுக்கிடையில் ஒரு ஆள் படுத்து உறங்கலாம் போல இடம். எங்கள் மூவரின் வயதையும் கூட்டினாலும் எட்டாத வயது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

அக்கா பார்க்கவில்லை. நிலத்தையே பார்த்துக்கொண்டு நடந்தார். என் கையைப் பிடித்திருந்த பிடியில் அவருடைய நகம் என் தோலுக்குள் இறங்கியிருந்தது. ஆனாலும் நடந்தார். ஒரு மரம், இரண்டு மரம். ரிஹேர்சல் நன்றாகத்தான் போகிறது என்று நான் மனதுக்குள் டிக்கெட்டே போட்டுவிட்டேன்.

அப்போதுதான் தலைக்கு மேலே 'படார்' என்று ஒரு சத்தம்.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியுமுன் நான் நிலத்தில் கிடந்தேன். இரண்டு வேர்களுக்கு நடுவில், சருகில் முகம் புதைந்து கிடக்கிறேன். அக்கா எனக்கு மேலே கவிழ்ந்து கிடக்கிறார். ஒரு கை என் தலையை அமத்துகிறது. மற்றக் கை என் வாயைப் பொத்தியிருக்கிறது. பிரஷருக்கும் சீனிக்கும் குளிசை போடுகிற ஒரு மனுசிக்கு இவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது? மூச்சு விடவும் பயமாக இருந்தது எனக்கு.

"மந்தி! மந்தி!" என்று கத்தினார் ஹனிபா நானா. "மந்தி பாஞ்சதுல பட்ட கொப்பு ஒண்டு முறிஞ்சிட்டு. வேறொண்டுமில்ல, அக்கா!"

கை என் வாயிலிருந்து மெல்ல இளகியது. அக்கா எழும்பி இருந்தார். தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பிறகு அழத் தொடங்கினார்.

அது நாங்கள் சாவீட்டில் அழுகிற அழுகை இல்லை. சத்தமே வராத, உடம்பு மட்டும் குலுங்குகிற அழுகை. சத்தம் போடாமல் அழ எங்கேயோ பழகியிருக்கிறார். நானும் டீச்சரும் இரண்டு பக்கத்திலும் சருகில் குந்திக்கொண்டோம். நானாவும் வயல்காரரும் ஆற்றைப் பார்க்கிற சாக்கில் தள்ளிப் போனார்கள். ரிஹேர்சல் சரிவரவில்லை என்றுதான் நான் நினைத்தேன். நாளைக்குக் கனடாவுக்கு என்ன சொல்வது என்று யோசிக்கவும் தொடங்கிவிட்டேன்.

அழுகைக்கு நடுவில் அக்கா சொன்னார்.

"இப்பிடித்தான் ஜெனிற்றாட வாயைப் பொத்தினன். அஞ்சு வயசுப் பிள்ள. சத்தம் போட்டா எல்லாருக்கும் கரைச்சல். நான் என்ன செய்ய? அந்த நேரம் நான் பாலர் பள்ளிக்கூட டீச்சர்தானே, வாயில வந்ததைச் சொன்னன். 'மகள், நாம ட்ரிப் வந்திரிக்கம். பெரிய மரம் பாக்கிற ட்ரிப். ஆர் எல்லாத்தையும் விடப் பெரிய மரத்தைக் கண்டுபிடிக்கிறதோ அவக்குப் பரிசு. ஆனா சத்தம் போடாமக் கண்டுபிடிக்கணும், சத்தம் போட்டா அவுட்' எண்டு."

"அவள் நம்பினாளா?"

"நம்பி, சந்தோசமா வந்தாளே! கையால காட்டிக் காட்டி வந்தாள், இது பெரிசு, அது பெரிசு எண்டு. கடைசில ஒரு மரத்துர வேருக்குள்ளதான் படுத்தம். 'அம்மா, இதுதான் பெரிசு, நான் வெண்டிட்டன்' எண்டு என்ர காதுக்குள்ள சொல்லிட்டு நித்திரையாப் போனாள். நான் விடிய விடிய முழிச்சிட்டு இருந்தன்." அக்கா மூக்கைத் துடைத்தார். "அவள் அதை இண்டைக்கும் ட்ரிப் எண்டுதான் நினைச்சிட்டு இரிக்காள், மலர். தன்ர பிள்ளையளுக்கும் அப்பிடித்தான் சொல்லி வெச்சிரிக்காள். நான் அங்க போய் மரத்துக்குக் கீழ அழுதன் எண்டா, அவளுக்கு எல்லாம் விளங்கிடும். அவளிட்ட இரிக்கிற ஒரே ஒரு நல்ல ஞாபகத்தையும் நான் போய்க் கெடுக்கிறதா?"

அந்தப் படத்துக்குக் கீழே இருந்த வரியை நான் கிளினிக்கில் எவ்வளவு சாதாரணமாக வாசித்துவிட்டுப் போனேன்! 'நீங்க என்னைக் கூட்டிப் போய்க் காட்டின மரம்.'  சரீனா டீச்சர் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கணக்கு எதுவும் அவர் வாயில் வரவில்லை.

ஆனால் அழுகைக்கும் ஒரு முடிவு இருக்கிறது, பாருங்கள். காடு எங்களை ஒன்றும் செய்யவில்லை. மந்தி திரும்பி வந்து கொப்பில் குந்தி எங்களை எட்டி எட்டி விடுப்புப் பார்த்தது. ஆற்றில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. அக்காவின் குலுக்கல் மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. களைத்துப்போய் வேரில் சாய்ந்தார். சாய்ந்ததும் தலை தானாக அண்ணாந்தது.

அப்படியே இருந்தார். கனநேரம்.

"என்ன உயரம்..." என்றார்.

நாங்களும் அண்ணாந்து பார்த்தோம். மரம் போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. உச்சியில் இலைகளுக்கிடையால் வெளிச்சம் சில்லறை சில்லறையாகக் கொட்டுகிறது. எங்கேயோ மேலே பச்சைப்புறாக்கள்.

"மலர், நான் அண்டைக்கு ஒருக்காலும் மேல பாக்கல்ல புள்ள. நிலத்தையும் பின்னாலயும்தான் பாத்தன். ஜெனிற்றாதான் மேல பாத்துப் பாத்து வந்தவள்." அக்காவின் குரல் புதிதாக இருந்தது. "இதைத்தான் கண்டிரிக்காள். நான் சொன்னது பொய். ஆனா அவள் கண்டது பொய்யில்ல என்ன?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறை டீச்சர் கிள்ளாமலே.

அதன் பிறகு அந்த மனுசியைப் பிடிக்க முடியவில்லை! எது பெரிய மரம் என்று கண்டுபிடிக்காமல் வரமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். இது பெரிசா, அது பெரிசா என்று ஒவ்வொரு மருதாகத் தட்டித் தட்டிப் பார்த்தார். சரீனா டீச்சருக்கு உயிர் வந்துவிட்டது — அளக்காமல் எப்படிச் சொல்வது என்று அக்காவின் மாற்றுச் சேலையை எடுத்துவரச் செய்து மரத்தைச் சுற்றிக் கட்டி அளந்தார். ஒரு மரத்துக்குச் சேலை முட்டவில்லை. நாங்கள் மூன்று பேரும் கையைக் கோத்துக்கொண்டு கட்டிப்பிடித்தோம். பாதி மரம்கூட வரவில்லை. ஹனிபா நானா போட்டோ எடுத்தார். எடுத்த போட்டோவில் மரம் முழுவதும் விழுந்திருக்கிறது, எங்கள் தலைகள் இல்லை.

அந்த மரத்தடியில் சாப்பிட்டோம். கோழிக் கறி, மீன் பொரியல், சம்பல், கட்டித் தயிர். இணையத்தில் சொன்ன காய்ந்த பழங்களும் கொட்டைகளும் எங்களிடம் இருக்கவில்லை, அதற்காக யாரும் கவலைப்படவும் இல்லை. வயல்காரர் இரண்டாம் தரமும் சோறு கேட்டதில் டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. என் முழங்கால் மட்டும் எங்களோடு கோபித்துக்கொண்டு தனியாக வந்தது.

வான் பெரிய பாதைக்கு ஏறியதும் போன்களுக்கு உயிர் வந்தது. அக்கா படங்களை அனுப்பினார். கனடாவில் அப்போது சாமம். மகள் எழும்பியதும் கேட்கட்டும் என்று குரல் பதிவு செய்தார். நாங்கள் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"மகள், அம்மா கதைக்கிறன். டிக்கெட்டைப் போடு, நான் வாறன். ஆனா காட்டுக்கு ஒரு நாள் காணாது மனே. ரெண்டு நாளாப் போடு."

போனைப் பைக்குள் வைத்தார். சரீனா டீச்சரால் பொறுக்க முடியவில்லை.

"ரெண்டு நாள் என்னத்துக்கு அக்கா? மரம் அங்கேயேதான் நிக்கப் போகுது?"

"முதல் நாள் சும்மா மரம் பாப்பம். அவளும் நானும் பிள்ளையளும். ட்ரிப் மாதிரியே." அக்கா வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "அடுத்த நாள் அவளை மட்டும் கூட்டிப் போய் உள்ளதைச் சொல்லணும். அவளும் இப்ப ரெண்டு பிள்ளைக்குத் தாய்தானே. தாங்குவாள்."

"நீங்க அழுவீங்களே?"

"அழுவன். அழுது முடிஞ்சதும் ரெண்டு பேரும் மேல பாப்பம்."

பிள்ளைகளிடம் பொய் சொல்லிக் காப்பாற்றிக் கொண்டுவந்த எங்கள் பக்கத்துத் தாய்மார் எல்லோருக்கும் இப்படி ஓர் இரண்டாவது நாள் கிடைக்க வேண்டும்.